இறங்கத் தெரியாத ஹுமைரா

ஹுமைராவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், இறங்கத்தான் தெரியாது.

மகள் படிப்புக்காகத் திருச்சி விடுதிக்குப் போன பிறகு, அவளுடைய ரோஸ் நிற சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் சும்மா நின்றது. நாற்பதை நெருங்கும் ஹுமைரா ஒரு நாள் அதைத் துடைத்து வைக்கப் போனவள், மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்த கையோடு பக்கத்து வீட்டு நஜ்மாவை இழுத்துக்கொண்டு அதிராம்பட்டினம் உப்பளத்துப் பாதைக்குப் போய்விட்டாள். அங்கே வேடிக்கை பார்க்க ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, நடுவில் நேராக ஒரு மண் பாதை.

ஓட்டம் சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் மகள் தாயைவிட ஒரு சாண் உயரம். அவளுக்காக ஏற்றி வைத்த சீட் துருப்பிடித்து அங்கேயே இறுகிப்போயிருந்தது. ஏறி உட்கார்ந்தால் ஹுமைராவின் கால் தரையைத் தொடாது. பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நின்ற மறுநொடி சாயும். ஆரம்பத்தில் அப்படி ஒரு தடவை உப்புத் தண்ணீருக்குள் விழுந்து, அன்று முழுக்கக் காதுக்குள் உப்பு பொரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாதையின் கோடியில் நஜ்மா நிற்பாள். ஹுமைரா மெதுவாக வருவாள். நஜ்மா ஓடி வந்து கேரியரைப் பிடித்துக்கொள்வாள். ஹுமைரா மகாராணி மாதிரி இறங்குவாள்.

தை மாதத்து அந்தக் காலையிலும் நஜ்மா கோடியில்தான் நின்றாள். ஆனால் தோஹாவில் இருக்கும் அவள் மகன் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டான்.

"நஜ்மா, வர்றேன்! புடி!"

நஜ்மா போனைக் காதில் வைத்தபடியே கையைத் தூக்கி, 'ஒரு நிமிஷம்' என்று சைகை காட்டினாள்.

சைக்கிள் எங்கே ஒரு நிமிஷம் பொறுக்கும்? ஹுமைரா நஜ்மாவைத் தாண்டினாள், மண் பாதையைத் தாண்டினாள், திருப்பத்தில் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைத் தார்ச்சாலைக்கு வந்துவிட்டாள். இடது பக்கம் திரும்புவது சுலபமாக இருந்தது; திரும்பினாள். அந்தப் பக்கம் திரும்பினால் ராஜாமடம், அதையும் விட்டால் மல்லிப்பட்டினம். வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.

முதல் கொஞ்ச தூரம் அவள் மனதில் இறைவனிடம் கேட்கும் துஆவைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனபோது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் சைக்கிள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அட, என்று நினைத்தாள்.

எதிரே ஒரு ஆள் பெரிய பழைய சைக்கிளில் வந்தார். ஹாண்டில்பாரில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவர் அய்யாவு. படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். அந்தச் சாலையில் எதிர்ப்படும் சைக்கிள்காரர்கள் தெரிந்தவரோ தெரியாதவரோ, "எங்க கெளம்பியாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "இந்தா, இப்புடி" என்று பதில் சொல்வார்கள். கேட்டவரும் நிற்க மாட்டார், சொன்னவரும் நிற்க மாட்டார். அய்யாவுவும் அந்த மரியாதைக்குத்தான் கேட்டார்.

"எங்க தங்கச்சி, காலையிலேயே?"

"தெரியலிங்க அண்ணே!" என்று ஹுமைரா உள்ளதைச் சொன்னாள்.

அய்யாவு பத்துப் பதினைந்து மிதி போயிருப்பார். அந்தப் பதில் அவரைப் போகவிடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு விரட்டி வந்து, அவளுக்கு வலது பக்கமாகச் சேர்ந்துகொண்டார்.

"தெரியலன்னா என்னம்மா அர்த்தம்? வீட்டுல சண்டையா?"

"இல்லண்ணே, எறங்கத் தெரியாது."

"பிரேக் புடிக்கலியா?"

"பிரேக்கெல்லாம் நல்லாப் புடிக்குது. நிக்கத் தெரியும். நின்னா விழுந்துடுவேன்."

அய்யாவு அவளுடைய காலையும் தரையையும் நடுவில் இருந்த இடைவெளியையும் பார்த்தார். எத்தனையோ இன்ஜின்களின் கோளாறைக் காதால் கேட்டே கண்டுபிடித்த மனிதர். இந்தக் கோளாறு அவருக்குப் புதிது.

"வலது காலப் பின்னால தூக்கிப் போட்டு, இடது பெடல்ல நின்னு, அப்புடியே நழுவி எறங்குங்க" என்றார்.

"பின்னால கேரியர் இருக்கே அண்ணே!"

"ஆமா, இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு மணி சத்தம் விடாமல் கேட்டது. "ஜோடி போட்டு ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போனா மத்தவங்க பறந்தா போறது? ஒருத்தர் பின்னால ஒருத்தர் போங்க!" என்று ஒரு குரல். ஏரிப்புறக்கரையிலிருந்து தினமும் மல்லிப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலம் எடுத்து, ஊர் ஊராக விற்கிற தையல்நாயகி. கேரியரில் காலி மீன் பெட்டி, சேலையைத் தூக்கிச் செருகிய வேகம். அய்யாவு பணிந்து பின்னால் ஒதுங்கி விஷயத்தைச் சொன்னார். தையல்நாயகி சிரித்த சிரிப்பில் வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பின.

"காலை முன்பக்கமாக் கொண்டாந்து எறங்கும்மா! பொம்பள சைக்கிளுக்கு எதுக்குப் பின்னால தூக்கணும்? அண்ணன் பேச்சக் கேட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"நான் நாப்பது வருஷமா எறங்குறேன்!" என்றார் அய்யாவு.

"நீங்க வேட்டி கட்டிக்கிட்டு எறங்குறீங்க!"

இருவரும் அவளுக்கு முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே வாக்குவாதம் செய்தார்கள். நடுவில் ஹுமைரா, முன்னால் இருப்பவளுக்கும் தலையாட்டி, பின்னால் இருப்பவருக்கும் "சரிங்கண்ணே" சொல்லி, இரண்டையும் செய்யாமல் போய்க்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாக வந்தவன் ஃபாஜில். துபாயில் கணக்கு எழுதிவிட்டு மூன்று மாத விடுமுறையில் வந்தவன். உடம்போடு ஒட்டிய பனியன், தலையில் துளைத் துளையான ஹெல்மெட், நூல் மாதிரி டயர். எதிரே வந்தவன் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"யாரது, ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று தையல்நாயகி திரும்பிக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதே" என்றாள் ஹுமைரா.

"எனக்கும் தெரியாது" என்றார் அய்யாவு.

கை தூக்கினால் ஏதோ வேண்டும் என்றுதானே பொருள்? தையல்நாயகி, "மீன் இல்லை தம்பி, இனிமேதான் எடுக்கணும்!" என்று கத்தினாள். அவன் குழம்பிப்போய்த் திரும்பி அவர்களோடு வந்தான்.

"ஒண்ணும் வேணாங்கக்கா. அங்கெல்லாம் சைக்கிள்காரங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தா இப்புடிக் கை தூக்குவோம். நானும் இந்த ரோட்டுல தெனமும் தூக்குறேன். ஒருத்தரும் திருப்பித் தூக்குறதில்ல. மூணு பேரு நிறுத்தி அட்ரஸ் கேட்டாங்க."

அவன் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டு அய்யாவு உடனே கையைத் தூக்கினார். தையல்நாயகியும் தூக்கினாள். "நான் தூக்குனா விழுந்துடுவேன் தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும்!" என்றாள் ஹுமைரா. ஃபாஜில் வாயெல்லாம் பல்லாக பதில் சலாம் சொன்னான். விஷயம் தெரிந்ததும், "கவலைப்படாதீங்க லாத்தா, நான் முன்னால போறேன், என் பின்சக்கரத்தப் பாத்தே வாங்க" என்று முன்னால் போய்விட்டான்.

அவன்தான் அந்த ஆட்டத்தை ஆரம்பித்துவைத்தான். முன்னால் போகிறவன் சாலையில் எதைப் பார்த்தாலும் கையால் காட்டிக் குரல் கொடுக்க வேண்டும். அடுத்தவர் அதைப் பின்னால் கடத்த வேண்டும்.

"குழி!" என்றான் ஃபாஜில்.

"குழி!" என்றாள் தையல்நாயகி.

"குழி!" என்று ஹுமைரா கத்தினாள். வீட்டில், கடைத்தெருவில், கல்யாண மண்டபத்தில் எங்கேயும் அவள் இப்படிக் கத்தியதில்லை. தொண்டை திறந்தது நன்றாக இருந்தது.

"பின்னால பஸ்சு!" என்று கடைசியில் இருந்த அய்யாவு அறிவிக்க, அது முன்னால் போனது. "நாய்!" வந்தது. "ஆடு! ரெண்டு ஆடு! குட்டியும் இருக்கு!" வந்தது. ராஜாமடத்துக்கு முன்னால் அறுவடை நெல்லைச் சாலையில் பாதிக்குக் காயப் போட்டிருந்தார்கள். "நெல்லு! மிதிச்சிராதீங்க!" என்று நான்கு குரலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவ, நான்கு சைக்கிளும் பாம்பு மாதிரி வளைந்து போயின. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண் துழாவுவதை நிறுத்திவிட்டு, "நல்லா இருப்பீங்க!" என்று வாழ்த்தினாள். லாரிக்காரன் எவனும் அப்படி ஒதுங்கிப் போனதில்லையாம்.

ராஜாமடம் பாலம் தூரத்தில் தெரிந்தபோது அய்யாவு ஒரு தீர்மானத்துக்கு வந்தார். "தங்கச்சி, இதெல்லாம் சரிப்படாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் மெதுவாப் போங்க. நான் எறங்கி ஓடிவந்து கேரியரப் புடிச்சிக்கிறேன். அவ்வளவுதான் வேலை."

நல்ல யோசனை. நஜ்மா செய்வதும் அதுதான். இவ்வளவு நேரம் அது யாருக்கும் தோன்றாதது ஆச்சரியம். ஹுமைராவோ பாலத்தையே பார்த்தபடி மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டுச்சா தங்கச்சி?"

"கேட்டுச்சுண்ணே. பாலம் தாண்டிப் புடிச்சிக்கலாமா?"

பாலம் தாண்டியது. கீழே தண்ணீர் பளபளவென்று கிடந்தது. பாலத்து இறக்கத்தில் சைக்கிள் தானாகவே ஓட, முக்காட்டின் நுனி படபடவென்று பின்னால் பறக்க, அவளுக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது.

"இப்பப் புடிக்கவா?" என்றார் அய்யாவு.

"அந்தப் புளியமரம் வரைக்கும் போய்க்கிறேண்ணே!"

புளியமரமும் தாண்டியது. தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். ஹுமைராவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, இந்தம்மாவுக்கு எறங்கத் தெரியாம இல்ல. எறங்க மனசு இல்ல!"

"ரெண்டும்தான் அக்கா!" என்று ஹுமைரா கத்தினாள். இப்போது நான்கு பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அய்யாவுவின் தூக்கு மூடி கழன்று, பழைய சோற்று நீர் அவர் வேட்டியில் தெறித்தது. அவர் அதையும் பொருட்படுத்தவில்லை.

சிரிப்புதான் வினையாயிற்று. பின்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த தையல்நாயகி, முன்னால் ஃபாஜில் காட்டிய குழியைப் பார்க்கவில்லை. சக்கரம் உள்ளே இறங்கி, பெட்டி ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், அவள் சாலையோரத்து வைக்கோல் போரில் ஒரு பக்கம் என்று விழுந்தாள்.

"அக்கா!"

ஹுமைரா ஓடிப் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினாள். வைக்கோலைத் தட்டிவிட்டாள். "அடி பட்டுச்சாக்கா? முட்டியக் காட்டுங்க. தலை சுத்துதா?" தையல்நாயகி அவளையே முறைத்துப் பார்த்தாள். அய்யாவுவும் பார்த்தார். ஃபாஜிலும் திரும்பி வந்து பார்த்தான்.

"என்ன எல்லாரும் பாக்குறீங்க?"

"எறங்கிட்டீங்க" என்றான் ஃபாஜில்.

ஹுமைரா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் தரையில் இருந்தன. ரோஸ் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றது. எந்தக் காலை எந்தப் பக்கம் போட்டாள், எப்போது ஸ்டாண்டு போட்டாள், அவளுக்கே தெரியாது.

"எப்புடி எறங்குனீங்க? முன்னாலயா பின்னாலயா?" என்று அய்யாவு அவசரமாகக் கேட்டார். வாக்குவாதத்தில் தீர்ப்பு வேண்டும் அவருக்கு.

"சத்தியமாத் தெரியலண்ணே!"

தையல்நாயகிக்கு அடி ஒன்றுமில்லை. ஆனால் முன்சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. பெண்டு எடுக்காமல் ஓட்ட முடியாது. ஏலமோ ஆரம்பித்திருக்கும். "இன்னிக்குப் பொழப்பு போச்சு" என்று அவள் வைக்கோல் மேலேயே உட்கார்ந்தாள்.

"நான் போறேங்கக்கா. இங்கேருந்து மல்லிப்பட்டினம் எனக்கு ஒரு மூச்சு. போன்ல நீங்க சொல்லச் சொல்ல நான் எடுக்கிறேன்" என்றான் ஃபாஜில். ஹுமைராவின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு உடனே போய்விட்டான்.

அய்யாவு சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெண்டு எடுக்க உட்கார்ந்தார். ஹுமைரா தன் போனைத் தையல்நாயகியின் காதருகே பிடித்தாள். ஸ்பீக்கரில் துறைமுகத்து இரைச்சலும் ஏலக்காரரின் குரலும் வந்தன.

"தம்பி, மத்தி வந்துருக்கா பாருங்க."

"எது மத்திங்கக்கா? எல்லாமே வெள்ளையா இருக்கு."

தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டாள். "துபாய்ல என்னதான் தின்னீங்க?"

"வெட்டி வறுத்துக் குடுப்பாங்க அக்கா. முழுசாப் பாத்தது இல்ல."

"சரி, பேசாம நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து, ஐஸ் கட்டியை சைக்கிளில் வைத்து ஓட்டிக்கொண்டு ஒரு ஆள் துறைமுகத்துக்குள் வந்திருக்கிறார். சைக்கிள்காரரைப் பார்த்ததும் ஃபாஜிலின் கை பழக்கதோஷத்தில் தலைக்கு மேலே போய்விட்டது.

"ஹெல்மெட்டுத் தம்பிக்கு! நண்டு மூணு பெட்டியும் ஹெல்மெட்டுத் தம்பிக்கு!" என்று ஸ்பீக்கரில் ஏலக்காரர் முழங்கினார்.

சாலையோரத்தில் மூன்று பேரும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா, என்னைய எல்லாரும் கை தட்டிப் பாராட்டுறாங்க. என்ன ஆச்சு?" என்று ஃபாஜிலின் குரல் வந்தது.

சக்கரம் ஒருவழியாக நிமிர்ந்து, ஹுமைரா ஒரு மதகுச் சுவரின் மேல் ஏறி நின்று சைக்கிளில் அமர்ந்து, மூவரும் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது, ஃபாஜில் மூன்று பெட்டி நண்டுக்குக் காவலாக நின்றிருந்தான். முகத்தைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. "நான் எடுத்தது, நானே வச்சிக்கிறேன் அக்கா" என்றான். தையல்நாயகி திட்டுவதற்காக வாயைத் திறந்துகொண்டே ஒரு நண்டைத் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. இன்னொன்றைத் தூக்கினாள். அதுவும் கனம். முகம் மாறியது.

"சதை கட்டுன நண்டு. நானா இருந்தாலும் இதத்தான் கேட்டுருப்பேன், துணிச்சல் வந்துருக்காது. ஆனா மூணு பெட்டி! நான் ஒருத்தியா எப்ப விக்கிறது?"

ஹுமைரா வீட்டிலிருந்தபடியே அபாயா அங்கி வியாபாரம் செய்கிறவள். போனில் அவளுக்கென்று ஒரு வாடிக்கையாளர் குழு உண்டு. அதிராம்பட்டினத்திலும் ராஜாமடத்திலும் ஏரிப்புறக்கரையிலும் அதில் பெண்கள் இருந்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் பதிவு ஒன்றை அனுப்பினாள்: "அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். இன்னிக்கு அபாயா இல்ல. மல்லிப்பட்டினத்து நண்டு, இப்பத்தான் கரைக்கு வந்தது. வேணுங்கிறவங்க பாத்திரத்தோட ஈசிஆர் ரோட்டுக்கு வந்து நில்லுங்க. நாங்க சைக்கிள்ல வர்றோம்."

நண்டை நான்கு சைக்கிளுக்கும் பிரித்துக் கட்டினார்கள். ஃபாஜிலின் விலையுயர்ந்த சைக்கிளில் கேரியரே கிடையாது. அவன் முதுகுப் பையில் கட்டினார்கள். "கடிக்குதுங்கக்கா" என்றான். "அது பைக்குள்ள இருக்கு, நெனப்புதான் கடிக்குது" என்றாள் தையல்நாயகி.

திரும்பும்போது வாடைக்காற்று நெஞ்சுக்கு நேராக வந்தது. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும், களைத்தால் ஒதுங்கிக் கடைசிக்கு வர வேண்டும், அடுத்தவர் முன்னால் வர வேண்டும் என்று ஃபாஜில் சொல்லிக்கொடுத்தான். ஆள் மாறி ஆள் மாறி வந்தார்கள். சாலை நெடுகக் கிண்ணமும் தூக்குமாகப் பெண்கள் நின்றார்கள். நின்ற இடத்தில் எல்லாம் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் இறங்க வேண்டும், இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். முதல் இடத்தில் ஹுமைரா ஒரு மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது இடத்தில் நண்டு வாங்க வந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ராஜாமடம் தாண்டியபோது யாரையும் எதையும் பிடிக்காமல், காலை முன்பக்கமாகக் கொண்டுவந்து, சின்னதாக ஒரு குதி குதித்து இறங்கினாள்.

"பாத்தீங்களாண்ணே, முன்னால!" என்று தையல்நாயகி வெற்றிக் குரல் எழுப்பினாள். அய்யாவு எதிரே வந்த பஸ்ஸைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டிகள் ஏறக்குறையக் காலியான நேரத்தில், அதிராம்பட்டினம் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. ஓட்டியது ஜாஃபர் சாதிக், ஹுமைராவின் கணவர். பின்னால் நஜ்மா. அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பாதையில் ஆளையும் காணோம் சைக்கிளையும் காணோம். உப்புப் பாத்தியை எல்லாம் குச்சி விட்டுத் துழாவிவிட்டு, அழுதுகொண்டே அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். இருவரும் முதலில் முத்துப்பேட்டைப் பக்கம் பாதி தூரம் போய்த் தேடிவிட்டு வருகிறார்கள். ஜாஃபர் சாதிக்கின் சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"ஹுமைரா! எங்க போயிட்டே? போன் அடிச்சா எடுக்க மாட்டியா?"

"நண்டு வித்துக்கிட்டு இருந்தேங்க!"

அவர் எத்தனையோ பதில்களை எதிர்பார்த்துப் பயந்து வந்தவர். அவற்றில் இந்தப் பதில் இல்லை. வியர்த்து, முகம் சிவந்து, முக்காட்டில் வைக்கோல் ஒட்டி, சைக்கிளில் கட்டிய நண்டோடு நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் உதட்டோரம் துடித்தது.

"சரி, பைக்ல ஏறு. சைக்கிள யாராவது கொண்டாந்து விடட்டும்."

"எதுக்கு? நான்தான் ஓட்டுறேனே."

"பின்னால லாரி ஒண்ணு வேகமா வருதுங்க. பைக்க ஓரங்கட்டுங்க" என்று அய்யாவு அதிகாரமாகச் சொன்னார். ஜாஃபர் சாதிக் ஓரங்கட்டினார். லாரி போனது. பிறகு தையல்நாயகி அவரிடம், "நீங்க ஒண்ணு செய்யுங்க. எங்களுக்குப் பின்னாலயே வெளக்கப் போட்டுக்கிட்டு மெதுவா வாங்க. லாரிக்காரனெல்லாம் ஒதுங்கிப் போவான்" என்றாள். மிச்சமிருந்த நண்டுப் பையையும் நஜ்மாவின் மடியில் வைத்தாள். நஜ்மாவோ, "ஒரு நிமிஷம்னுதான் சொன்னேன்" என்று எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அப்படியே கிளம்பினார்கள். நான்கு சைக்கிள், பின்னால் மஞ்சள் விளக்கு மின்ன மின்ன, நடைவேகத்தில் ஒரு பைக். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸைப் பிடித்தபடியே எழுந்து நின்று பார்த்தார்கள். காற்றை வாங்கும் முறை ஹுமைராவுக்கு வந்தது. அவள் மணியை அடித்துக்கொண்டு ஃபாஜிலைத் தாண்டி முன்னால் போனாள்.

"ஹுமைரா, கொஞ்சம் மெதுவாப் போ! எல்லாருக்கும் மூச்சு வாங்குது!" என்று பின்னாலிருந்து ஜாஃபர் சாதிக் கத்தினார்.

காற்று எதிர்த்திசையில் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மிதித்திருப்பாள்.